ஆக்சிஜனை ஏன் 100-க்குக் கூட்டி வைக்கவில்லை?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மனைவிக்கு 27-ஆவது வாரத்திலேயே வலி கண்டு, பெண் குழந்தை பிறந்து இன்றோடு ஆறு நாள். எடை 940 கிராம். பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். பிறந்த உடனே மூச்சுக்குழாய் வழியாக ஒரு மருந்து விட்டார்கள். இரண்டாம் நாள் வெண்டிலேட்டரை எடுத்தார்கள், நான்காம் நாள் திரும்பவும் மாட்டிவிட்டார்கள். இதயத்தை ஒட்டி ஒரு குழாய் மூடவில்லையாம். மருந்து கொடுக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர், பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் இன்னொருவர். மானிட்டரில் ஆக்சிஜன் 91, 92 சதவீதம் என்றே நிற்கிறது. அதை 100 ஆக்கச் சொன்னால் தாதி தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். போதாததற்கு வீட்டில் அம்மா, "ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது, நம்ம பிள்ளை எதுல சேர்த்தி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

தம்பி, நான் டாக்டர் இல்லை. முதலில் கோலாலம்பூரிலும் பிறகு பினாங்கிலுமாகக் குறைமாதக் குழந்தைகள் வார்டில் தாதியாக 26 வருடம் நின்றுவிட்டு ஓய்வு பெற்றவள். உங்கள் குழந்தையின் ஃபைலை நான் பார்க்கவில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்பதை அங்கே நிற்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் செய்வதெல்லாம் எதற்காக என்பதை நான் சொல்ல முடியும்.

உங்கள் அம்மாவின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அந்தப் பேச்சை என் பாட்டியும் சொல்வார். அது தவறு. வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வரவுதான். 32 வாரத்தில் பிறந்தது 28 வாரத்தில் பிறந்ததைவிட நன்றாக மூச்சு விடும். எட்டு மாதக் குழந்தைக்குத் தனியாக ஒரு கண்டமும் கிடையாது. அந்தக் காலத்தில் இன்குபேட்டர் இல்லாத வீடுகளில் மாதக்கணக்கைத் தப்பாகப் போட்டதில் வந்த பேச்சாக இருக்கலாம் என்பது என் ஊகம். அம்மாவிடம் வாதாட வேண்டாம். "ஏழாம் மாசம்தாம்மா" என்று சொல்லிவிடுங்கள், நிம்மதியாகத் தூங்குவார்.

சரி, நுரையீரல். பசாரில் கறி வாங்கிப் போட்டுவரும் மெல்லிய பிளாஸ்டிக் பை நனைந்து ஒட்டிக்கொண்டால் வாயைத் திறக்கப் படும் பாடு தெரியுமல்லவா? ஈரம் இரண்டு பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நுரையீரலின் காற்றுப்பைகளும் உள்ளே ஈரமானவைதான். மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் அவை அப்படியே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். நமக்கு ஏன் ஒட்டுவதில்லை என்றால், அந்த ஈரத்தின் மேல் சவர்க்காரம் மாதிரி ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. சர்ஃபேக்டன்ட் என்பது அதன் பெயர். நுரையீரலிலேயே இருக்கும் சில செல்கள் அதைச் சுரக்கின்றன. 24 வார வாக்கில் அந்தச் செல்கள் தொழிலைக் கற்றுக்கொள்ளத் தொடங்கி, 34, 35 வாரத்துக்குப் பக்கத்தில்தான் போதிய அளவுக்குச் சுரக்கும். 27 வாரத்தில் பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிப்போன பையைப் புதிதாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. விலா எலும்பு உள்ளே குழியும், மூக்கு விடைக்கும், மூச்சு விடும்போது ஒரு முனகல் கேட்கும். சில மணி நேரத்தில் களைத்துவிடும்.

இந்தப் பூச்சு இல்லாததுதான் காரணம் என்பதே 1959-இல்தான் தெரியவந்தது. மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க டாக்டரும் ஜியர் மீட் என்பவரும், இறந்துபோன குழந்தைகளின் நுரையீரலைச் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். காரணம் தெரிந்துவிட்டது, கையில் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிறந்த மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த பிள்ளை. எடை 2 கிலோவுக்கு மேல், உங்கள் மகளைப்போல இரண்டு மடங்கு. அவ்வளவு பெரிய நாட்டின் அதிபர் வீட்டுப் பிள்ளை 39 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. இன்று அந்த எடையில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை சில நாள் மூக்குக்குழாயோடு இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றன. பினாங்குப் பெரியாஸ்பத்திரியிலும் அப்படித்தான், கோலாலம்பூரிலும் அப்படித்தான். இதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். 940 கிராம் வேறு கணக்கு, அதை மறைக்கவில்லை. ஆனால் நாம் நிற்கும் இடம் 1963 இல்லை.

அந்த முனகலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த விஷயம். குழந்தை ஏன் முனகுகிறது? காற்றை முழுவதும் வெளியே விட்டுவிட்டால் பை ஒட்டிக்கொள்ளும் என்பதால், தொண்டையைப் பாதி மூடி, கொஞ்சம் காற்றை உள்ளேயே பிடித்து வைக்கப் பார்க்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதுவே செய்துகொள்ளும் வைத்தியம் அது. சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மயக்கவியல் டாக்டர் இதைக் கவனித்து, அந்தப் பிடிப்பை வெளியிலிருந்து நாமே கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1971-இல் அவர் எழுதிய அறிக்கையில் மிக மோசமான நிலையில் இருந்த 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. இன்று சீபேப் என்று வார்டில் சொல்வது அதைத்தான். மூக்கில் இரண்டு சின்னக் குழாய், விடாமல் ஒரு மெல்லிய அழுத்தம், பெரும்பாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு. வெளிமூச்சுக் குழாயின் நுனியை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் அத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் முக்கி வைத்தால் போதும், அழுத்தம் கிடைத்துவிடும். வார்டில் குளுகுளு என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள், அது அந்தப் பாட்டில்தான். இரவு ஷிப்டில் அந்தச் சத்தம் நின்றால் எங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். எங்கோ குழாய் கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் குழந்தைக்கு மூச்சுக்குழாயில் விட்டது அந்தப் பூச்சையேதான். 1980-இல் ஜப்பானின் அக்கிதாவில் புஜிவாரா என்ற டாக்டர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபேக்டன்டை 10 குழந்தைகளுக்குக் கொடுத்துக் காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இப்போது மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்துச் சுத்தப்படுத்தியவை இருக்கின்றன. 940 கிராம் குழந்தைக்கு எந்த வகை என்பதைப் பொறுத்து இரண்டு மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் கூட, இல்லாவிட்டால் நாலு மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் குறைய. அவ்வளவுதான் மருந்து. விட்டுக் கொஞ்ச நேரத்திலேயே ஆக்சிஜன் தேவை இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். 26 வருடத்தில் எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு அந்த அதிசயம் தீரவில்லை.

நம் நாட்டில் இந்த மருந்தைச் சுற்றி ஒரு கேள்வி வரும். மலாய்க்காரக் குடும்பம் பன்றியா என்று கேட்கும், நம் ஆட்களில் சிலர் மாடா என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, வார்டில் யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். பிரசவத்துக்கு முன்பே குறைமாதம் ஆகலாம் என்று தெரிந்துவிட்டால் அப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பிறந்த பிறகு அந்தப் பேச்சுக்கு நேரம் இருக்காது.

பிறப்பதற்கு முன், குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் முதிர வைக்க, உங்கள் மனைவிக்குத் தொடையிலோ இடுப்பிலோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருப்பார்கள். பெட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு. டெக்ஸாமெத்தசோன் என்றால் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர் ஆடுகளை வைத்து வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தபோது, செத்திருக்க வேண்டிய குறைமாதக் குட்டி ஒன்று மூச்சு விட்டிருப்பதைக் கண்டு பிடித்த வழி இது. 1972-இல் ஹோவி என்ற டாக்டரோடு சேர்ந்து தாய்மார்களிடம் நிரூபித்தார். நிரூபித்த பிறகும் இருபது வருடம் போலப் பல நாடுகளில் டாக்டர்கள் தயங்கினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக வரும். அந்த ஊசி வேலை செய்யக் கொஞ்ச நேரம் வேண்டும். அதனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏழாம் மாதத்தில் வலியோ நீரோ கண்டால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று வீட்டில் இருக்காதீர்கள். பக்கத்துக் கிளினிக்கில் பிரசவம் பார்த்துக்கொண்டு பிறகு குழந்தையை ஆம்புலன்ஸில் பாலம் தாண்ட வைப்பதைவிட, தாயின் வயிற்றிலேயே வைத்துக் குறைமாதப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எவ்வளவோ மேல். தாயின் வயிற்றைப் போன்ற இன்குபேட்டரை இன்னும் யாரும் செய்யவில்லை.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். 91 ஏன், 100 ஏன் இல்லை?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, குழந்தை ரோஜா நிறமாக இருந்தால் நல்லது என்று நினைத்த மூத்தவர்கள் இருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெற்றோர் வரும் நேரத்தில் ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன், மானிட்டரில் 99 இருந்தால் அவர்கள் முகம் மலரும். ஒருநாள் ஒரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், நீங்கள் அந்தக் குழந்தையின் கண்ணைச் செலவழித்து அப்பாவின் முகத்துக்குச் சிரிப்பு வாங்குகிறீர்கள்" என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கண்ணின் பின்திரையில் இரத்தக்குழாய்கள் ஓரம்வரை வளர்ந்து முடிப்பது பத்தாம் மாத வாக்கில்தான். 27 வாரத்தில் அவை பாதி வழியில் நிற்கின்றன. ஆக்சிஜன் அளவுக்கு மீறிக் கிடைத்தால் "இனி வளர வேண்டியதில்லை" என்று நின்றுவிடும். பிறகு சில வாரம் கழித்துப் பசி எடுத்து, தாறுமாறாக வளர்ந்து, திரையையே இழுத்துக் கிழித்துவிடலாம். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததில் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் கண்ணிழந்தன. அது தெரிந்ததும் பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்தார்கள். அப்போது மூளை பாதித்தும் மூச்சுத் திணறியும் குழந்தைகள் இறந்தன. 2010-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 85 முதல் 89 வரை வைத்த குழந்தைகளுக்குக் கண் பாதிப்பு குறைவு, ஆனால் இறந்தவை கூட. 91 முதல் 95 வரை வைத்தவை அதிகம் பிழைத்தன. இன்று பெரும்பாலான வார்டுகளில் 90-க்கும் 95-க்கும் நடுவில் நிறுத்தப் பாடுபடுவது இதனால்தான்.

இன்னொன்று. மானிட்டர் 92 என்று காட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். 100 என்று காட்டினால் தெரியாது. குவளை நிரம்பிவிட்டது என்று மட்டும் சொல்லும், எவ்வளவு வழிந்து ஓடுகிறது என்று சொல்லாது. அதுவும் போக, உங்கள் மகள் போன வாரம்வரை வயிற்றுக்குள் இருந்தபோது அவள் இரத்தத்தில் ஆக்சிஜன் 90-க்குப் பக்கத்தில்கூட இருந்ததில்லை, அப்படியேதான் வளர்ந்தாள். உங்கள் 91, 92 நல்ல எண். தலையாட்டிவிட்டுப் போன தாதி ஒரு நிமிடம் நின்று இதைச் சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்கள் சார்பில் நான் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு ஷிப்டில் எத்தனை அலாரம் அடிக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வெண்டிலேட்டரும் அப்படித்தான். அது காப்பாற்றும், அதே நேரத்தில் காயமும் படுத்தும். உங்கள் மகளின் ஒரு மூச்சு நாலைந்து மில்லிலிட்டர் காற்று, தேக்கரண்டி அளவு. அதற்கு மேல் தள்ளினால் காற்றுப்பை கிழியும். அதனால்தான் கொஞ்சம் தெளிந்தாலும் குழாயை எடுத்துச் சீபேப்புக்கு மாற்றிவிடத் துடிப்பார்கள். எடுத்துத் திரும்பப் போட்டதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளில் இது அடிக்கடி நடக்கும். எடுத்துப் பார்க்காமலேயே வைத்திருப்பதுதான் கெடுதல். சில சமயம் இன்னொரு வகை மெஷின் வைப்பார்கள், ஒரு வினாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அதிரும், குழந்தையின் நெஞ்சு நடுங்குவது மாதிரி இருக்கும். பார்த்துப் பயந்துவிடாதீர்கள், குழந்தைக்கு வலிப்பு இல்லை. பெரிய மூச்சாகத் தள்ளாமல் சின்னச் சின்ன அதிர்வாகக் கொடுக்கும் முறை அது.

குழாயை எடுத்த பிறகு மூச்சு விட மறந்துபோவதும் உண்டு. மூச்சை நடத்தும் மூளைப் பகுதி இன்னும் முற்றவில்லை. இருபது வினாடி அப்படியே நின்றுவிடும், இதயத்துடிப்பும் இறங்கும். பாதத்தைத் தட்டினால் நினைவு வந்த மாதிரி மூச்சு விடும். இதற்குக் கொடுப்பது காஃபின். ஆமாம், கோப்பிக்கடையில் நீங்கள் கோப்பி-ஓவில் குடிப்பதேதான். 500 முதல் 1,250 கிராம் வரை பிறந்த குழந்தைகளிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், காஃபின் கிடைத்தவை சுமார் ஒரு வாரம் முன்னதாகவே மூச்சு மெஷினிலிருந்து விடுபட்டன, பிற்காலத்தில் நுரையீரல் நோயும் குறைந்தது. இந்த வார்டில் இருக்கும் மருந்துகளிலேயே ஒரு சந்தேகமும் இல்லாமல் நான் நம்பும் மருந்து இதுதான்.

நான்காம் நாள் ஏன் சரிந்தாள்? கிருமி, களைப்பு, மூச்சு நிற்பது எல்லாம் காரணமாக இருக்கலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த மூடாத குழாயும் கணக்கில் இருக்கிறது. நுரையீரல் ஒரு நோய், இதயம் இன்னொரு நோய் என்று வீட்டில் இரண்டாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

வயிற்றுக்குள் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை, நஞ்சுக்கொடிதான் ஆக்சிஜன் தருகிறது. அதனால் நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதி, குறுக்கே உள்ள ஒரு சின்னக் குழாய் வழியாக நேரே உடலுக்குத் திரும்பிவிடும். பத்து மாதக் குழந்தை பிறந்து மூச்சு விட்டதும், ஓரிரண்டு நாளில் இந்தக் குழாய் தானாகச் சுருங்கி அடைத்துக்கொள்ளும். குறைமாதக் குழந்தைக்கு அது திறந்தே கிடக்கும். முதல் இரண்டு நாள் அதனால் பெரிய தொல்லை தெரியாது, ஏனென்றால் விறைத்துப் போன நுரையீரலுக்குள் இரத்தம் போக முடியாது. சர்ஃபேக்டன்ட் கொடுத்து நுரையீரல் இளகியதும்தான் வினை. மேட்டு வயலுக்கும் பள்ளத்து வயலுக்கும் நடுவில் மடையை அடைக்காமல் விட்டால் என்ன ஆகும்? தண்ணீர் பள்ளத்துக்கே பாயும், மேடு காயும். உடலுக்குப் போக வேண்டிய இரத்தம் நுரையீரலுக்குள் பாய்ந்து அங்கே சேறாக்கும். குடலும் சிறுநீரகமும் மூளையும் வறளும். மூச்சுக்கு நல்லது செய்த மருந்தே இரத்த ஓட்டத்தில் அடுத்த சிக்கலைத் திறந்துவிடும். நெஞ்சில் ஜெல் தடவி எக்கோ ஸ்கேன் எடுத்தால் அந்த ஓட்டம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும்.

அதை மூடும் மருந்து என்று பெரிதாக எண்ண வேண்டாம். ஐபுப்ரோஃபென், நாம் காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் விழுங்குவதுதான். சில இடங்களில் இண்டோமெத்தசின், சில இடங்களில் பாரசிட்டமால். உடலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் அந்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த மருந்துகள் அதன் சுரப்பை நிறுத்தும், குழாய் சுருங்கும். ஐபுப்ரோஃபென் என்றால் வழக்கமாக மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒன்று: கிலோவுக்கு 10 மில்லிகிராம், பிறகு 5, பிறகு 5. விலை என்னவென்றால், சிறுநீர் குறையலாம், குடலுக்கும் இரத்தம் உறைவதற்கும் இடைஞ்சல் வரலாம். அதனால்தான் கொடுப்பதற்கு முன் சிறுநீர் அளவையும் இரத்தத் தட்டணுக்களையும் மூளை ஸ்கேனையும் பார்ப்பார்கள். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மருந்தை நினைத்து "இதையா கொடுக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வது உங்களைக் குழப்பியிருக்கிறது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குழாய் திறந்திருந்தால் மூட வேண்டும், மருந்தில் மூடாவிட்டால் அறுவை செய்து கட்ட வேண்டும் என்பது சட்டம் மாதிரி இருந்தது. 2023-இலும் 2024-இலும் வந்த இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள் அதை அசைத்துவிட்டன. ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் ஐபுப்ரோஃபென் கொடுத்ததால் இறப்போ நீண்டகால நுரையீரல் நோயோ குறைந்துவிடவில்லை. பொறுத்துப் பார்த்தவர்களும் மோசமாகப் போகவில்லை. பல குழந்தைகளுக்கு வாரக்கணக்கில் குழாய் தானாகவே மூடிக்கொள்கிறது. அதனால் பொறுக்கலாம் என்பவர் அலட்சியக்காரர் இல்லை. கொடுக்கலாம் என்பவரும் பழையவர் இல்லை. வெண்டிலேட்டர் திரும்ப வந்த குழந்தை, குழாய் பெரிது, சிறுநீர் குறைகிறது என்றால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "குழாய் எவ்வளவு பெரிது, அதனால் இவளுக்கு இப்போது என்ன கெடுதல் நடக்கிறது?" என்பதுதான். மருந்தும் காலமும் சரிப்படாத சில குழந்தைகளுக்கு மட்டும் அறுவையோ, தொடை இரத்தக்குழாய் வழியாகச் சின்னதொரு அடைப்பானை வைப்பதோ தேவைப்படும். 700 கிராம் எடையிலிருந்தே வைக்கக்கூடிய அடைப்பானுக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று சொன்னார்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொன்னால் பதற வேண்டாம். இந்த வயதில் சராசரி அழுத்தம் குழந்தையின் வார வயதை ஒட்டி, 27, 28 என்றுதான் இருக்கும். நம் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. எண்ணை மட்டும் வைத்து மருந்து ஏற்ற மாட்டார்கள். தோல் வெதுவெதுப்பாக இருக்கிறதா, சிறுநீர் போகிறதா, ஆக்சிஜன் போதாதபோது சேரும் லேக்டேட் இரத்தத்தில் ஏறுகிறதா என்று சேர்த்துப் பார்ப்பார்கள். தேவையென்றால் டோபமின், டோபுடமின் சொட்டுச் சொட்டாக ஓடும். தண்ணீரை வேகமாக ஏற்றவும் தயங்குவார்கள். மூளையின் நடுவில் நூல் மாதிரி இரத்தக்குழாய்கள் இருக்கின்றன, அழுத்தம் திடீரென்று ஏறி இறங்கினால் அவை வெடித்துவிடும். அந்த ஆபத்து முதல் மூன்று நாளில்தான் அதிகம். அப்போது உங்களைத் தொட விடாமல், விளக்கைக்கூட மங்கலாக்கி வைத்திருந்தது அதற்காகத்தான். உங்கள் மகளின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 80 மில்லிலிட்டர், அரை டம்ளர் தேத்தண்ணீர்கூட வராது. சோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு துளியையும் எழுதி வைப்போம். இரத்தம் ஏற்ற வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டால் பெரும்பாலும் அந்தத் துளிகளின் கணக்குதான்.

நைட்ரிக் ஆக்சைடு வாயு பற்றி இணையத்தில் படித்திருக்கலாம். நுரையீரல் இரத்தக்குழாய்கள் இறுகிப்போன குழந்தைகளுக்கு அது நல்ல மருந்து, ஆனால் பெரும்பாலும் 34 வாரத்துக்கு மேல் பிறந்தவற்றுக்கு. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று சண்டை போட வேண்டாம்.

இனி வரும் வாரங்களில், நாலாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் நடுவில் கண் டாக்டர் வந்து பார்ப்பார். அதைத் தள்ளிப்போட விடாதீர்கள். 36 வாரம் ஆன கணக்கிலும் ஆக்சிஜனோ மூச்சு உதவியோ தேவைப்பட்டால் நீண்டகால நுரையீரல் நோய் என்று பெயர் வைப்பார்கள். பெயர் பயமாக இருக்கும். காற்றுப்பைகள் பிறந்த பிறகும் பெருகிக்கொண்டே போகும் என்பதால் பெரும்பாலான குழந்தைகள் மெல்ல மீண்டுவிடும். அதற்கு எடை கூட வேண்டும், எடைக்குத் தாய்ப்பால் வேண்டும். உங்கள் மனைவி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலைப் பீய்ச்சி எடுக்கட்டும், முதலில் பத்துச் சொட்டுதான் வந்தாலும். ஐஸ்பெட்டியில் வைத்துப் பாலம் தாண்டிக் கொண்டுவாருங்கள். எத்தனையோ பேர் கம்பெனி வேலை முடிந்து அக்கரையில் பிறை என்ற ஊரிலிருந்து மோட்டார்சைக்கிளில் அப்படிக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். வார்டில் அதற்குப் பெயர் எழுதி வைக்கும் குளிர்பெட்டி இருக்கும்.

வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாள் வரும்போது உங்கள் அம்மாவிடம் இரண்டு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். ஒன்று, குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை கூடவே கூடாது. மூக்கிலும் காதிலும் ஊதுவதும் வேண்டாம். ஊருக்கே நல்லதாக இருக்கட்டும், இந்த நுரையீரலுக்கு அது விஷம். ஊதுபத்தியும் சிகரெட்டும் அப்படியே. 2015, 2019 மாதிரிப் புகைமூட்டம் வந்தால் சன்னலைச் சாத்திக் குழந்தையோடு உள்ளேயே இருந்துவிடுங்கள். இரண்டாவது, உரை மருந்தும் சேனையும் வேண்டாம், டாக்டர் சொல்லாத எதுவும் வாயில் போகக் கூடாது. சளி பிடித்த மாமா, அத்தை யாராக இருந்தாலும் வாசலோடு பார்த்துவிட்டுப் போகட்டும். தடுப்பூசியைப் பிறந்த தேதியிலிருந்தே கணக்கிட்டுப் போடுவார்கள். உட்கார்வது, நடப்பது போன்றவற்றுக்கு மட்டும் பிறக்க வேண்டியிருந்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.

கடைசியாக, தொடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று நாள் தாண்டிவிட்டது, தாதியிடம் கேளுங்கள். நிலைமை ஒத்துவந்தால் வெண்டிலேட்டரில் இருக்கும்போதே சட்டையைத் திறந்து நெஞ்சோடு வைக்க விடுவார்கள். தாய்க்கு முடியாத நாளில் அப்பாவும் வைத்துக்கொள்ளலாம், பலருக்கு இது தெரிவதில்லை. அதுவரைக்கும் இன்குபேட்டர் கதவு வழியாகக் கையை விடுங்கள். முழங்கைவரை கழுவி, மோதிரம், கயிறு எல்லாம் கழற்றிவிட்டு. தடவிக் கொடுக்காதீர்கள், இந்தத் தோலுக்குத் தடவுவது எரிச்சலாக இருக்கும். ஒரு கையைத் தலையிலும் இன்னொரு கையை மடங்கிய காலிலுமாகக் கூடு மாதிரி வைத்து, அசைக்காமல் இருங்கள். நடுவில் மானிட்டர் கத்தினால் பயந்து வெடுக்கென்று கையை எடுத்துவிடாதீர்கள். தாதி வந்து பார்த்துக்கொள்வார்.